டோக்கன் வந்துச்சா

அக்டோபர் 20, 2025. ஏதென்ஸ்

தீபாவளி. அம்மாவுக்கு போன் பண்ணா பின்னாடி மழை சத்தம்தான், வெடிச் சத்தமே இல்ல. சென்னையில ஆத்தோரம் இருக்கற எங்க வீட்ட காலி பண்ணிட்டு குடுக்கறதா சொன்ன மாடி வீட்டுக்கான டோக்கன் இன்னும் வரல.

அக்டோபர் 21

ஒலிம்பிக்ஸ் நடந்த ஊருங்கள பாக்கற ஸ்டடி டூர்ல இன்னிக்கு எல்லினிகோன். பழைய ஏர்போர்ட்டு, 2001ல மூடிட்டாங்க, 2004 ஒலிம்பிக்ஸுக்கு அந்த ரன்வே பக்கத்துலயே ஹாக்கி, பேஸ்பால், சாஃப்ட்பால்னு வரிசையா மைதானம், படகுப் போட்டிக்கு கடல் தண்ணிய பம்ப் பண்ணி விட்டு ஒரு செயற்கை ஆறு வேற. கிரீஸ்ல பேஸ்பால் யாரு ஆடுவா? போட்டி முடிஞ்சதும் பூட்டு போட்டாச்சு. பத்து வருஷம் கழிச்சு ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த குடும்பங்க அதே ஹாக்கி மைதானத்துலயும் பேஸ்பால் மைதானத்துலயும் டென்ட் அடிச்சு தங்கியிருக்காங்க, 2017ல அவங்களையும் கிளப்பியாச்சு. இப்ப எங்க பாத்தாலும் கிரேன், கடலப் பாத்த மாதிரி கோடீஸ்வரங்களுக்கு டவர் எழும்புது.

எல்லாரும் கட்டினவங்களப் பத்தியே பேசறாங்க. அந்த டென்ட்ல இருந்தவங்க எங்க போனாங்கன்னு நான் கேட்டேன், அது இன்னிக்கு டாபிக் இல்லன்னு சார் சொல்லிட்டாரு.

அக்டோபர் 22

ஒலிம்பிக் கிராமம். ஊர விட்டு ரொம்ப தள்ளி, பார்னிதா மலை அடிவாரம். வீரருங்க போனதும் கிட்டத்தட்ட 2,300 வீட்ட தொழிலாளி குடும்பங்களுக்கு குலுக்கல் போட்டு குடுத்தாங்க. குலுக்கல்னு கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிருச்சு. மத்தவங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, நான் படிக்கட்டையே எண்ணிட்டு இருந்தேன். உசரம் கம்மியான கட்டடங்கதான், மரம் நல்லா வளந்திருக்கு, பசங்க சைக்கிள் ஓட்டறாங்க, ஆனா ஷட்டர் போட்ட கடை நிறைய. வேலை எல்லாம் சிட்டியில, வீடு இங்க. 2010க்கு அப்புறம் கடன் நெருக்கடி வந்து வேலை போனப்ப இந்த மாதிரி தூரத்துல இருக்கற தொழிலாளிங்க குடியிருப்புலதான் அடி பலமா விழுந்துச்சுன்னு கூட வந்த ஆளு சொன்னாரு. வீடு குடுத்துட்டோம்னு கணக்கு முடிச்சுடறாங்க, பஸ்ஸுக்கு எவ்ளோ ஆகும்னு யாருமே கணக்கு போடறதில்ல.

அம்மாவுக்கு முட்டி வலி. குலுக்கல்ல எட்டாவது மாடி விழுந்தா என்ன பண்ணும். லிப்ட் இருக்கும்னு சொல்றாங்க. லிப்ட் இருக்கறது வேற, ஓடறது வேற.

ஏரி திறந்துட்டாங்களாம். ஆத்துல தண்ணி ஏறுது.

அக்டோபர் 24. மியூனிக்

கண்ணகி நகர் கார்த்திகா!!! பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டி, கபடி தங்கம். பசங்க டீமுக்கும் தங்கம். பஸ்ஸுல கத்திட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. கண்ணகி நகர்னா என்னன்னு அவங்களுக்கு விளக்க ஆரம்பிச்சு, 2000 வாக்குல இருந்து சென்னை சிட்டிக்குள்ள இருந்த குடிசைங்கள காலி பண்ணி கொண்டுபோய் விட்ட இடம்னு சொல்லும்போதே தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்த பொண்ணு பிராக்டிஸ் பண்ண இடத்துக்கு இவங்க யாரும் ஸ்டடி டூர் வரமாட்டாங்க. வரணும்.

அக்டோபர் 25

ஒலிம்பியாபார்க். இத நான் ரசிச்சேன், மறைக்க என்ன இருக்கு. போர்ல இடிஞ்ச மியூனிக்கோட கல்லையும் மண்ணையும் கொட்டி வெச்ச மேடு, அதுதான் இப்ப பச்சைப்புல் மலை, ஜனங்க ஏறி உக்காந்துட்டு இருக்காங்க. ஃப்ரை ஓட்டோங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன்ல வந்த ஸ்டேடியம் கூரை மேல வெயில் பட்டு கண்ணு கூசுது. 1972 ஒலிம்பிக்ஸுக்கு கட்டினது, 2022ல ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பே மறுபடி இங்க நடத்தியிருக்காங்க. வீராங்கனைங்க தங்கின இடம் இப்ப ஸ்டூடண்ட்ஸ் குடியிருப்பு, சின்னச் சின்ன வீடுங்க, சுவர்ல அவங்கவங்க இஷ்டத்துக்கு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் வாசல் தரையிலயே. வாசல் தரையிலயே!

அப்புறம் கொனோலி தெரு 31. 1972 போட்டியப்ப இஸ்ரேல் வீரருங்கள பாலஸ்தீன ஆயுதக் குழு புடிச்சு வெச்ச வீடு. 11 பேர் செத்தாங்க, ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும். வாசல்ல பேர் எழுதின கல் இருக்கு. அங்க யாரும் பேசல.

அக்டோபர் 26

இன்னிக்கு இந்த ஊருக்கு ஓட்டு. 2036, 2040, 2044 ஒலிம்பிக்ஸ், இதுல ஒண்ணுக்கு மியூனிக் விண்ணப்பிக்கலாமா வேண்டாமான்னு ஊர்க்காரங்களையே கேக்கறாங்க. 2013ல குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு கேட்டப்ப இவங்க வேண்டாம்னுட்டாங்க, 2015ல ஹாம்பர்க்கும் வேண்டாம்னுச்சு, அந்த ரெண்டு தடவையும் அதோட விட்டுட்டாங்க, அதிகாரி, மேயர், யாரும் மேல போகல. சாயங்காலம் ரிசல்ட் வந்துருச்சு, மூணுல ரெண்டு பேர் சரின்னு போட்டிருக்காங்க. எனக்கு அந்த ஆமாவ விட கேட்டாங்கங்கறதுதான் மண்டையிலயே நிக்குது. ரூம்ல எல்லாரும் இந்தியாவும் 2036 கேக்குதே, நமக்கு போட்டி ஏறிருச்சேன்னு பேசறாங்க. 2030 காமன்வெல்த்துக்கு அகமதாபாத்த பரிந்துரை பண்ணியாச்சு, அடுத்த மாசம் கிளாஸ்கோவுல முடிவு. நான் விளையாட்டு வேண்டாம்னு சொல்ற ஆளு இல்ல, எனக்கு நேரு ஸ்டேடியம் கேலரிதான் சின்ன வயசுல திருவிழா. ஆனா 2010 காமன்வெல்த்துக்கு முன்னாடி டெல்லியில இடிச்ச குடிசைங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது சீட்டு நீட்டி ஆமாவா இல்லையான்னு கேட்டாங்களா? எங்க அம்மாகிட்ட யாரு கேட்டா? கதவுல நம்பர் எழுதிட்டு போனாங்க, அவ்ளோதான்.

இன்னிக்கு இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சாங்க. அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் ஒரு மணி நேரம் தூரம்.

அக்டோபர் 28. லோசான்

புயல். ஆந்திரா பக்கம் போயிருச்சு. மூச்சு வந்துச்சு.

அக்டோபர் 29

ஏரிக்கரை, மியூசியம், ஒலிம்பிக் கமிட்டி ஆபீஸ். 2019ல திறந்த கண்ணாடி கட்டடம். பழைய ஆபீஸ இடிச்சப்ப அதுல 95 சதவீதத்துக்கு மேல மறுபடி பயன்படுத்தினாங்களாம், இல்லாட்டி மறுசுழற்சிக்கு அனுப்பினாங்களாம். நோட்ல எழுதி அடியில கோடு போட்டுக்கிட்டேன். செங்கல்லு எங்க போச்சுன்னு ஒருத்தரால கணக்கு சொல்ல முடியுதுன்னா மனுஷங்க எங்க போனாங்கன்னும் சொல்ல முடியணும். ஒலிம்பிக்ஸ் கேக்கற விண்ணப்பத்துலயே ஒரு பக்கம் ஒதுக்கணும்: இங்க இருந்தவங்க இத்தனை பேர், போன இடம் இது, அஞ்சு வருஷம் கழிச்சு அவங்க வேலை என்ன, பசங்க எந்த ஸ்கூல். இதுதான் என் ப்ராஜெக்ட். சார் ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் இதுதான்.

அக்டோபர் 31. பாரிஸ்

காலையில சான் துவான், சான் துனி, 2024 ஒலிம்பிக்ஸ் வீரருங்க கிராமம் இருந்த புறநகருங்க. பாரிஸ் நல்லாத்தான் யோசிச்சிருக்கு, 95 சதவீதம் ஏற்கெனவே இருந்த மைதானம், இல்லாட்டி தற்காலிகம், புதுசா கட்டினது ரொம்ப கம்மி. 1923ல தடை போட்ட செய்ன் ஆத்துல இந்த ஜூலைல ஜனங்கள குளிக்க விட்டுட்டாங்க. ஆத்த சுத்தம் பண்ணா கரையில இருக்கறவங்கள துரத்தித்தான் ஆகணும்னு எங்க ஊர்ல சொல்றாங்க, அத நினைச்சுட்டே நின்னேன். ஆனா இங்கயும் இருக்கு. வீரருங்க கிராமம் கட்டின இடத்துல வெளிநாட்டுல இருந்து வந்த தொழிலாளிங்க தங்கற விடுதி ஒண்ணு இருந்துச்சு, இருநூறு பேருக்கு மேல, 2021ல வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. போட்டி நெருங்கறப்ப ரோட்டோரம் டென்ட்ல இருந்தவங்கள பஸ் ஏத்தி வேற ஊருங்களுக்கு அனுப்பியிருக்காங்க.

மத்தியானம் லா ஷப்பெல், இலங்கைத் தமிழருங்க கடைங்க இருக்கற பகுதி. போர்டெல்லாம் தமிழ்ல! ஒரு கடையில இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டேன். கடைக்கார அண்ணா "எவடத்தில இருந்து வாறியள்?"னு கேட்டு, சென்னைன்னதும் இன்னும் ரெண்டு இடியாப்பம் வெச்சாரு. இதே வழியா நேரா வடக்க போனா போர்ட் த லா ஷப்பெல், சிந்து, லக்‌ஷ்யா சென் எல்லாம் போன வருஷம் பேட்மிண்டன் ஆடின அரங்கம் அங்கதான். ஒலிம்பிக்ஸால வாடகை ஏறிச்சான்னு கேட்டேன். "வாடகை எப்பவும் ஏறுறதுதானே தங்கச்சி, நாங்கள் இடம்பெயர்ந்து பழகின ஆக்கள்" அப்படின்னாரு. பதில் சொல்ல முடியல. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

நவம்பர் 1

அம்மா போன் எடுக்கல.

நவம்பர் 1, ராத்திரி

எடுத்துச்சு. சார்ஜ் இல்லையாம்.

நவம்பர் 3. லண்டன்

ஸ்ட்ராட்ஃபோர்ட். 2012 ஒலிம்பிக்ஸுக்கு எண்பதாயிரம் பேர் உக்காந்த ஸ்டேடியம், இப்ப வெஸ்ட் ஹாம் ஃபுட்பால் டீம் ஆடுது. சஹா ஹதீத்ங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ண நீச்சல்குளம், ரெண்டு பக்கமும் ஒட்டி வெச்சிருந்த தற்காலிக கேலரிய கழட்டிட்டு இப்ப ஸ்கூல் பசங்க காசு குடுத்து நீந்தறாங்க, அது எனக்கு ரொம்ப புடிச்சது. விஷமா கிடந்த மண்ண கழுவி சுத்தம் பண்ணியிருக்காங்க. கிளேஸ் லேன் எங்கன்னு கேட்டேன், வழிகாட்டிக்கு தெரியல. கூட்டுறவு குடியிருப்பு, நானூறு பேருக்கு மேல, பெரும்பாலும் தனியா வாழ்ந்தவங்க, 2007ல இடிச்சாங்க. மேப்ப வெச்சு நானும் ரூம்மேட்டும் ஒரு மணி நேரம் சுத்தினோம், வீரருங்க கிராமம் பக்கம்தான் எங்கயோ வருது. ஒரு போர்டு கூட என் கண்ணுல படல. அந்த நானூறு பேர்ல யாராவது ஒருத்தர்கிட்ட பேசணும், எப்படின்னு நாளைக்கு லைப்ரரில கேக்கணும்.

அம்மா இப்பதான் கூப்பிட்டுச்சு. அங்க விடியக்காலை. காலையில ஆபீஸ்ல இருந்து கைரேகை எடுக்க வராங்களாம், என் பேரு இருக்கற ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேணுமாம், இல்லாட்டி குடும்பத்துல ஒரு ஆளு கம்மியா போட்டுருவாங்களாம். பீரோ மேல்தட்டுல பாருன்னேன். அங்க இல்லையாம். தகரப்பெட்டில பாருன்னேன், திரும்ப கூப்பிடறேன்னுச்சு. அடிக்குது, பேசிட்டு வந்து எழுதறேன்