ரவுண்டானா கணக்கை மையத் தீவிலிருந்து தொடங்காதீர்கள்

கல்லூரி இறுதியாண்டில், நான்கு சாலைகள் கூடும் ஓர் இடத்துக்கு ரவுண்டானா வடிவமைக்கச் சொன்னார்கள். தாளின் நடுவே காம்பஸை ஊன்றி முதலில் மையத் தீவை வரைந்தேன். அதைப் பார்த்த பேராசிரியர், "வண்டி என்ன வேகத்தில் உள்ளே வருகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நான் இன்றும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

நம் பாடப்புத்தகங்கள் பின்பற்றுவது, இந்தியச் சாலைக் காங்கிரஸின் ரவுண்டானா வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 65-இன் 1976 பதிப்பு. 2017-இல் அது திருத்தப்பட்டுவிட்டாலும், பயிற்சிக் கணக்குகள் பெரும்பாலும் பழைய முறையிலேயே இருக்கின்றன. அதன்படி வடிவமைப்பு வேகம் நகரத்தில் மணிக்கு 30 கி.மீ., ஊர்ப்புறத்தில் 40 கி.மீ. நுழைவு வளைவின் ஆரம் இந்த வேகத்தைப் பொறுத்தது: நகரத்தில் 15 முதல் 25 மீட்டர், ஊர்ப்புறத்தில் 20 முதல் 35 மீட்டர். உள்ளே வருபவர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும், வெளியே போகிறவர் தேங்காமல் போக வேண்டும். அதனால் வெளியேறும் வளைவின் ஆரம் நுழைவு ஆரத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. மையத் தீவின் ஆரம் நுழைவு ஆரத்தின் 1.33 மடங்கு. நுழைவு 20 மீட்டர் என்றால் தீவு 26.6 மீட்டர். நான் முதலில் வரைந்த வட்டம் கடைசியில்தான் வந்திருக்க வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு, அதாவது ஒரு மணி நேரத்தில் ரவுண்டானா தாங்கும் வண்டிகள். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். சூத்திரத்தைவிட, அதில் வரும் பின்னல் விகிதம், அதாவது ஒரு பகுதியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தடம் மாறும் ஓட்டங்களின் பங்குதான் பலரைக் குழப்புகிறது. இதற்குப் படம் வரைந்தே ஆக வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே சுழற்சி வலஞ்சுழி. வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆறு ஓட்டங்கள் மட்டுமே வரும். வடக்கிலிருந்து கிழக்கே திரும்புவது ஓரமாகவே போய்விடும். மேற்கிலிருந்து தெற்கே போவது தீவை ஒட்டியே போய்விடும். இவை இரண்டும் பின்னுவதில்லை. வடக்கிலிருந்து தெற்குக்கும் மேற்குக்கும் போகிறவை உள்நோக்கி நகர, மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிழக்கே வெளியேறுபவை வெளிநோக்கி நகர்கின்றன. பின்னுபவை இந்த நான்குதான். அவற்றின் கூட்டுத்தொகையை ஆறின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். நான்கு பகுதிகளுக்கும் கணக்கிட்டு, மிக அதிகமான விகிதத்தை எடுங்கள். கொள்ளளவு குறைவது அங்கேதான்.

சரிபார்க்க நானே கண்டுகொண்ட வழி ஒன்று உண்டு. இடப்புறம் திரும்பும் வண்டி ஒரு பகுதியைக் கடக்கிறது, நேரே போவது இரண்டை, வலப்புறம் திரும்புவது மூன்றை. ஆகவே நான்கு பகுதிகளின் மொத்தம், இடத்திருப்பம் ஒரு பங்கு, நேர் ஓட்டம் இரு பங்கு, வலத்திருப்பம் மூன்று பங்கு சேர்ந்ததற்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் ஓட்டத்தைத் தவறான இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

கூட்டுவதற்கு முன் வண்டிகளைக் கார் அலகுக்கு (ஒரு கார் என்பது 1) மாற்ற மறக்காதீர்கள்: பஸ்ஸும் லாரியும் 2.8, இருசக்கர வாகனம் 0.75, சைக்கிள் 0.5.

கொள்ளளவுச் சூத்திரத்தின் முன்பகுதியைப் புத்தகத்தில் உள்ளதுபோல் நீட்டி எழுத வேண்டாம். பின்னல் அகலத்தையும் சராசரி நுழைவு அகலத்தையும் கூட்டி 280-ஆல் பெருக்கினால் போதும். நுழைவு அகலம் 10 மீட்டர், பின்னாத பகுதியின் (சாலை முனைக்கும் தீவுக்கும் இடையிலான சுற்றுத்தடம்) அகலமும் 10 மீட்டர் என்றால், அவற்றின் சராசரியோடு 3.5 சேர்த்து பின்னல் அகலம் 13.5 மீட்டர். பின்னல் பகுதியின் நீளம் 54 மீட்டர், பின்னல் விகிதம் 0.8 என்று கொள்வோம். 23.5-ஐ 280-ஆல் பெருக்க 6580. விகிதத்தின் மூன்றில் ஒரு பங்கை 1-இலிருந்து கழித்தால் 0.733; அதனால் பெருக்குங்கள். பின்னல் அகலத்தை நீளத்தால் வகுத்து 1-ஐக் கூட்டினால் 1.25, அதனால் வகுங்கள். மணிக்கு ஏறத்தாழ 3860 கார் அலகுகள் வரும். வரம்புகளையும் பார்த்துவிடுங்கள்: அகலம் 6 முதல் 18 மீட்டர், நீளம் 18 முதல் 90 மீட்டர், விகிதம் 0.4 முதல் 1 வரை.