பெல்ட்டின் அடுத்த துளை

காலையில் எடை மெஷினில் ஏறினேன். 84.2. மூன்று வாரத்துக்கு முன்னும் இதேதான்.

18 நாள் அலாரம் வைத்து எழுந்து, நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்ததற்கு இதுதான் மரியாதையா? ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தேன்.

அப்புறம் ஆபீஸ் கிளம்பும்போது பெல்ட்டை வழக்கமான துளையில் மாட்டினால் பேன்ட் இறங்குகிறது.

அந்தத் துளையைச் சுற்றித் தோல் வெளுத்து, வெடித்து, நீளவாக்கில் இழுபட்டுக் கிடக்கிறது. மூன்று வருடத் தொப்பையின் கையெழுத்து. பக்கத்துத் துளை மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்குப் போல வட்டமாக இருக்கிறது. அதில் மாட்டினேன். நின்றது.

ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு மணி நேர நடையில் போவது 300 சொச்சம். (திரும்பும் வழியில் சாப்பிடும் இரண்டு வடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும், அது தனிக் கதை.) ஆக, 18 நாள் நடந்தாலும் முக்கால் கிலோ தேறாது. அதை மறைக்க நேற்று ராத்திரி சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு போதும். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஷூவை எடுத்து வாசலில் வைத்தாயிற்று. நாளைக்கு 5.30.