எம்.பிளான் படித்த அனுபவம்: கேட் தேர்வு, ஸ்டூடியோ, தாளுக்கு வெளியே போன கோடுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளான் என்றால் வீட்டு பிளான்தான். சிவில் முடித்துக் கோவையில் சைட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் மறுபடியும் இரண்டு வருஷம் படிக்கப் போகிறேன் என்றதும், "ஏம்மணி, வாஸ்துவா?" என்று கேட்டார் மாமா. எம்.பிளான், நகரமைப்பில் முதுகலைப் படிப்பு என்று விளக்கினேன். "ஓ, டி.டி.சி.பி. அப்ரூவலா" என்றார், தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் துறையை நினைத்து. கேரளத்தில் இருந்தாலும் மனை விவகாரம் எங்களுக்குப் பொள்ளாச்சிப் பேச்சுதான் என்பதால் அந்த அளவுக்காவது புரிந்தது. இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகி வருவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சேரும் வழி. எம்.பிளானுக்கு ஆர்க்கிடெக்ட்தான் வர வேண்டும் என்பதில்லை. பி.ஆர்க்., பி.பிளான்., சிவில் படித்தவர்கள் வரலாம். புவியியல், பொருளாதாரம், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் சில கல்லூரிகள் சேர்க்கின்றன. கேரளத்தில் கோழிக்கோடு என்.ஐ.டி.யிலும் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியிலும் எம்.பிளான் இருக்கிறது. விஜயவாடா, டெல்லி, போபால் ஆகிய ஊர்களில் இருக்கும் எஸ்.பி.ஏ.க்கள் (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) இதற்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனங்கள். என்.ஐ.டி., எஸ்.பி.ஏ. போன்றவற்றுக்கு கேட் என்ற அகில இந்தியத் தேர்வு எழுதி, சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும்.

கேட்டில் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் தாள் 2022இலிருந்து கொஞ்சம் வசதியாகிவிட்டது. பொதுப் பகுதி எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் கட்டடக்கலை, திட்டமிடல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விடையை எண்ணாக எழுதும் கேள்விகளுக்கு மைனஸ் மார்க் கிடையாது. மக்கள்தொகைக் கணிப்பு, எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்புக்கு எவ்வளவு கட்டடப் பரப்பு என்ற விகிதம்), போக்குவரத்துக் கணக்கு என்று சிவில்காரர்களின் கை ஓடுகிற இடம் அதுதான். வரலாறும் கோட்பாடும் எனக்குப் புதிது. அதில் ஒட்டிக்கொண்டவர் பாட்ரிக் கெடஸ். 1914–15இல் மெட்ராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றி வந்து, மதுரை, தஞ்சாவூர் பற்றியெல்லாம் எழுதிய ஸ்காட்லாந்துக்காரர். ஊரை நடந்து பார்த்து ஆராயாமல் திட்டம் போடாதே, தெருவை இடிப்பதற்கு முன் எந்த வீட்டை விட்டுவிடலாம் என்று பார் என்பது அவர் கட்சி. தேர்வில் இவர் ஒரு மார்க், இரண்டு மார்க்தான். படிப்பில் சேர்ந்த பிறகுதான் முழு வேலையும் அவர் சொன்னதே என்று தெரியும்.

கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வேலையை விட்டு வருகிறவர்கள் வீட்டில் பேசும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி ஸ்டூடியோ. எல்லாரும் கேட் பற்றியே கேட்கிறார்கள், உண்மையில் ஆளைப் பிழிவது ஸ்டூடியோதான். ஒரு குழுவுக்கு ஒரு ஊர் கொடுப்பார்கள். சர்வே ஆஃப் இந்தியா வரைபடம், கிராம நில அளவை வரைபடம், செயற்கைக்கோள் படம் மூன்றையும் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி அடிப்படை வரைபடம் தயாரிக்க வேண்டும். மூன்றும் லேசில் பொருந்தாது. அப்புறம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து நிலப்பயன்பாட்டைக் குறிக்க வேண்டும். குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழிற்சாலை ஊதா, பள்ளி, ஆஸ்பத்திரி, அலுவலகம் சிவப்பு, பூங்கா பச்சை. கேட்க எளிதாக இருக்கும். கீழே மளிகைக்கடை, மேலே வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை, சுற்றிலும் இருபது தென்னை என்று ஒரு கேரள வளவு வந்து நிற்கும்போதுதான் எந்த பென்சிலை எடுப்பது என்று குழுவில் சண்டை வரும்.

இந்தச் சண்டை வீண் வேலை இல்லை. மக்கள்தொகை 5,000க்கு மேல், ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருந்தால் சென்சஸ் அந்த ஊரை நகரம் என்று எண்ணிக்கொள்ளும், அது பஞ்சாயத்தாகவே இருந்தாலும் சரி. கேரளத்தின் நகர மக்கள்தொகை 2001இல் சுமார் 26 சதவீதம், 2011இல் 47.7 சதவீதம். பெரும்பகுதி இப்படி எண்ணப்பட்ட ஊர்களால் ஏறிய கணக்கு. 2011 எண்களை வைத்துக்கொண்டே 2041க்குக் கணிக்கச் சொல்வார்கள். மூன்று முறைகளில் போட்டால் மூன்று விடை வரும். எதை ஏன் எடுத்தாய் என்று ஜூரியில், அதாவது மதிப்பீட்டுக் குழு முன், கேட்பார்கள். அங்கே விடையைவிடக் காரணத்துக்குத்தான் மார்க்.

ஆய்வறிக்கைக்கு எங்கள் பக்கத்தையே எடுத்தேன்: கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி. தெரிந்த ஊர் என்றால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுவாய் என்று வழிகாட்டி பயமுறுத்தினார். அதனால் வீடு வீடாகக் கேட்பதற்கான வினாத்தாளைச் சில வீடுகளில் கேட்டுப் பார்த்துத் திருத்திய பிறகே இறங்கினேன். மாத வருமானம் என்ற கேள்வியை எடுத்துவிட்டேன், யாரும் சரியாகச் சொல்வதில்லை. கரண்ட் பில், வண்டி, மாடு, போர்வெல் ஆழம் கேட்டால் சொல்கிறார்கள். போர்வெல் ஆழத்தைக் கேட்டால் நிறுத்தவே மாட்டார்கள். எங்கள் பக்கம் மழை குறைவு. படிவம் மலையாளத்தில், பேச்சு தமிழில். ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இதை எழுதிட்டுப் போனா குழாயில தண்ணி வருமா அம்மணி?" என்றார். வராது, இது படிப்புக்கு என்று சொன்னேன். எதையும் வாக்குக் கொடுக்காதே என்பது முதல் செமஸ்டரிலேயே சொல்லித்தருவது. "அப்ப சரி, மோர் குடிச்சுட்டுப் போ" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எங்கே, கல்லூரிக்கு எங்கே, கல்யாணத் துணி எடுக்க எங்கே என்ற பதில்களைக் கோடுகளாக வரைந்தால், ஏராளமான கோடுகள் கிழக்கே, பொள்ளாச்சிக்கும் கோவைக்கும், தாளைத் தாண்டிப் போயின. அடிப்படை வரைபடமோ மாநில எல்லையோடு முடிந்து அந்தப்பக்கம் வெள்ளையாக இருந்தது. இங்கே 2016ஆம் ஆண்டு கேரள நகர, ஊரமைப்புச் சட்டம். அங்கே 1971ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம். ஒரு திட்டத்துக்குள் இரண்டையும் கொண்டுவர வழி இல்லை. ஜூரியில் இருந்த வெளியாள் ஒருவர், "உன் திட்டப் பகுதி எது என்று முதலில் முடிவு செய்" என்று சற்றுக் காரமாகவே சொன்னார். நான் இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தத்தைக் காட்டினேன். 1970இல் கையெழுத்தானது, மணக்கடவு வழியாக எங்கள் பக்கத்து ஆறான சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. தண்ணீருக்கு இரண்டு மாநிலமும் உட்கார்ந்து கணக்கு எழுத முடிந்தால் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏன் கூடாது என்பதுதான் என் வாதம். பாதிதான் ஒத்துக்கொண்டார். தமிழ்நாட்டுப் பகுதியை 'தாக்கப் பகுதி' என்று தனி எல்லையாகப் போட்டு, அங்கே திட்டம் முன்வைக்காமல் பரிந்துரையாக மட்டும் எழுதச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். இப்போது யோசித்தாலும் அது சரியான தீர்ப்பாகத்தான் தெரிகிறது.

நடுவில் கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப். நான் போன அலுவலகத்தில் வரைபடத்துக்கு நிறம் கொடுப்பதைத் தவிர வேறு வேலை தரவில்லை. முடிந்தால் கிராமசபையும் வளர்ச்சிக் கருத்தரங்கும் நடக்கும் பருவத்தில் ஒரு பஞ்சாயத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35–40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மாநிலம் இது. பணம் எந்த வார்டுக்கு என்று ஆட்கள் நேருக்கு நேர் வாதாடுவதைப் பார்ப்பது தனிப் பாடம்.

வேலை விஷயம். ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் இருக்கிறது, நமக்கு அப்படி ஒன்று இல்லை. 1951இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் கழகத்தின் அசோசியேட் உறுப்பினர் தகுதிதான் அடையாளம். பட்டம் கிடைத்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை, அனுமதிக்கப்பட்டவை 4,000க்கும் குறைவு, அதிலும் பாதிக்குப் பாதி காலி என்கிறது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. பல மாநிலங்களில் அந்தப் பதவிக்கே நகரமைப்புப் படிப்பு கட்டாயம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இப்போதைக்குத் தனியார் ஆலோசனை நிறுவனங்களில்தான் ஆள் எடுக்கிறார்கள், மத்திய அரசின் அம்ருத் நகர மேம்பாட்டுத் திட்டத்தின் ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட) மாஸ்டர் பிளான் வேலைகளுக்கு. நான் இருப்பதும் அப்படி ஓர் இடத்தில். நேர்காணலுக்குப் போகும்போது அழகான வரைபடங்களோடு, திருத்திய வினாத்தாளையும் எடுத்துப் போங்கள். என்னிடம் வரைபடத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வருமானக் கேள்வியை ஏன் அடித்தாய் என்றுதான் வெகுநேரம் கேட்டார்கள்.