நான் சொல்லாத மூன்றரை இஞ்ச்

“அப்படியேதான் இருக்கு கண்ணு” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவள் வயிற்றில் போட்ட டேப்பில் 36½ இருந்தது. முந்தின வாரம் சுடிதாருக்கு அளவெடுத்தபோது அதே இடத்தில் 33. இரண்டையும் நோட்டில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், வாய்தான் வேறு சொல்லிவிட்டது.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பொய்க்காரி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலம் கோரிமேட்டில் என்னுடைய இதே தையல் கடைக்கு, ஒரு இளம்பிள்ளைச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க இதே பெண் வந்தாள். பழைய அளவைவிட எல்லா இடத்திலும் நன்றாகக் கூடியிருந்தது. “என்ன கண்ணு, விசேஷமா?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பேர் வேறு. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “இல்லக்கா, மாத்திரை சாப்பிடறேன், அதுல ஊதுது” என்றாள். கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். அதன் பிறகு எட்டு மாதம் கடைப் பக்கமே வரவில்லை. துணியை அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள், கூடவே ஒரு அளவு ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அன்றிலிருந்து எந்தப் பெண்ணுக்கும் அளவை வாய்விட்டுச் சொல்வதில்லை. டேப்பைப் போடுவேன், எழுதிக்கொள்வேன், சைடில் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டுத் தைத்துக் கொடுப்பேன். பிள்ளைக்காக வைத்தியம் பார்க்கிறவர்கள் என்று தெரிந்தால் இன்னும் கவனம். அளவெடுக்கிற இடத்துக்கு எதிரே இருந்த கண்ணாடியைக்கூட எடுத்து வேறு பக்கம் மாட்டினேன். இதையெல்லாம் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை. அவள் ஏற்காட்டிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேனுக்காக இறங்கி வந்துகொண்டிருந்தாள், போக 20 கொண்டை ஊசி வளைவு, வர 20. பத்துப் பன்னிரண்டு நாளாக வயிற்றில் ஊசி, அதையும் தானே போட்டுக்கொள்வாளாம். “குழந்தை இல்லாமலே வயிறு மட்டும் வந்துடுச்சுக்கா” என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள், நான் சிரிக்கவில்லை. டெஸ்ட் டியூப் குழந்தைக்காகச் செவ்வாய்க்கிழமை கருமுட்டை எடுத்திருந்தார்கள். வியாழன் சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று சுடிதாரை வாங்க வந்தவள், போட்டுப் பார்த்தால் வயிற்றில் பிடிக்கிறது. “நான்தான் சைடுல இறுக்கிட்டேன்” என்று பழியை என் மேல் போட்டுக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். அப்போது அவள், “அக்கா, தொப்புள் கிட்ட டேப்பைப் போட்டுப் பாருங்களேன், வீட்டுல டேப் இல்லை” என்றாள்.

இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். அவள் எந்தக் குரலில் கேட்டாள்? ஒரு நாள் சாதாரணமாகக் கேட்ட மாதிரி ஞாபகம் வருகிறது, இன்னொரு நாள் பயந்துபோய்க் கேட்ட மாதிரி. ஊதிவிட்டோமே என்ற கவலையில் கேட்கிறாள் என்றுதான் எனக்கு அப்போது பட்டது. எதற்குக் கண்ணு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே பழக்கப்படுத்தி வைத்திருந்தேன்.

நான் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது, அது நிஜம். அந்த முகத்தோடுதான் மலைக்குப் பஸ் ஏறினாள்.

ராத்திரி மூச்சு வாங்கியிருக்கிறது, சிறுநீரும் சரியாகப் போகவில்லை. நடுராத்திரியில் கார் பிடித்து, அதே வளைவுகளில் இறக்கிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். வயிற்றில் தண்ணீர் கோத்திருந்ததாம், ஊசி வைத்து வடித்தார்கள். பிரித்துத் தைத்த சுடிதாரை வாங்க அவளுடைய அம்மா வந்தபோது சொன்னார், “தினமும் எடையும் வயித்தளவும் பாக்கணும், கூடுனா உடனே வரணும்னு சொல்லித்தான் அனுப்புனாங்களாம்.” நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

என்னிடம் துணி தைக்கிற ஒரு நர்ஸம்மாவிடம், யாருக்கோ என்ற மாதிரி விசாரித்தேன். மாதத்துக்கு ஒரு முட்டை முதிர்கிற இடத்தில் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒன்றாக முதிரவைக்கிறார்கள். லேசாக உப்புசம் பலருக்கும் வரும். சிலருக்கு, அதுவும் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறவர்களுக்கு, சினைப்பை மிஞ்சி வீங்கி, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். அதனால்தான் டேப். அந்த நேரத்தில் கர்ப்பமானால் இன்னும் மோசமாகும் என்பதால் கருவை உறைய வைத்துவிட்டு, உடம்பு தேறியபின் வைப்பார்களாம். அவளுக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

சரி, நான் டாக்டரா? துணி தைக்கிறவள். கையில் ஒரு டேப் கொடுத்து அனுப்பியிருக்கலாமே அவர்கள். மூன்றரை இஞ்ச் கூடியது அவளுக்கே தெரியாமலா இருந்திருக்கும்? இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கிறது. ஆனால் சுடிதார் பிடித்ததே, அது அவளுக்குச் சொல்லியிருக்கும். அதையும் என் தையல் தப்பு என்று நான்தான் மாற்றிவிட்டேன்.

போன வாரம் வந்தாள். ஐந்தாம் மாதம். அவள் சொல்லித்தான் தெரியும், நானாகக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த வயிறு, அதைத் “தெரியாத மாதிரி லூசா தைங்கக்கா” என்கிறாள். யாராவது பார்த்துக் கேட்டு, அப்புறம் ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் என்று பயம்.

டேப்பைப் போட்டேன். “எவ்வளவுக்கா?” என்றாள்.

“38” என்று சொன்னேன். அவள் முகம் சட்டென்று சுருங்கியது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுருங்கின மாதிரியே. கொஞ்ச நேரம் கழித்து, “அன்னிக்கு எவ்வளவுக்கா இருந்துச்சு?” என்றாள்.

“பழைய நோட்டு வீட்டுல இருக்கு கண்ணு” என்றேன். நோட்டு மெஷின் டிராயரில்தான் இருந்தது, என் முழங்கால் அதில் இடித்துக்கொண்டிருந்தது.

“பரவாயில்லக்கா” என்றாள். “சைடுல மட்டும் துணி நிறைய விடுங்க.”