மண்டபத்துப் பாசியும் கிருமியின் உறையும்

10 ஜூன் 2025, செவ்வாய்
விடுமுறையில் இராமேசுவரம் அருகே மண்டபம் ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது. நீர் வற்றும் நேரம் பார்த்துப் பாசி எடுக்கப் போன அம்மா, விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமலேயே மரிக்கொழுந்துப் பாசியை முற்றத்தில் கொட்டிப் பரப்பினார். இத்தகைய பாசிகளிலிருந்து எடுக்கும் அகார் என்னும் கூழ்ப்பொருள்தான், செம்மறி இரத்தம் கலந்த கிருமி வளர்ப்புத் தட்டாக, நிமோனியா தடுப்பூசி தயாரிக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமி அதில் வளரும்போது ஒவ்வொரு திரளையும் சுற்றிப் பச்சை வளையம் படரும். கிருமி வளர்க்கும் 37 பாகை வெப்பத்தில் ஜெலட்டின் உருகிவிடுவதால் கிருமியியல் முன்னோடி இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடம் திண்டாடிய 1881-82இல், சமையலில் பழகிய அகாரைப் பரிந்துரைத்தவர், காக்கின் உதவியாளர் வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே.

11 ஜூன், புதன்
"சர்க்கரையவா தடுப்பூசியாப் போடுறீங்க, தம்பி?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டார். நிமோனியா கிருமி தன்னைச் சுற்றிச் சர்க்கரையால் உறை போர்த்திக்கொள்வதால் வெள்ளணுக்களால் அதை எளிதில் விழுங்க முடிவதில்லை என்றும், அந்த உறையை மட்டும் பிரித்து உடலுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் எதிர்ப்பொருள் ஆயத்தமாக இருக்கும் என்றும் சொன்னேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் வெறும் சர்க்கரையைச் சரியாகப் பொருட்படுத்தாது; ஆகவே அதைப் புரதத்தோடு இணைத்துத் தருகிறோம். அவருடைய பேரனுக்கு ஒன்றரை மாதத்தில் போட்டது அதுதான்.

12 ஜூன், வியாழன்
உறக்கம் வராததால், நான் கெடுத்த ஒரு பேட்ச், அதாவது கலனில் ஒருமுறை வளர்த்த கிருமித் தொகுதி, நினைவுக்கு வந்தது. வளர்ப்புக் கலனின் ஊட்டத் திரவத்தில் குளுக்கோஸ் உள்ளவரை கிருமி லாக்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சமன்செய்யக் கலனுக்குள் காரம் செலுத்தும் பம்பு விட்டுவிட்டு ஓடும். பம்பு ஓய்ந்தால் குளுக்கோஸ் தீர்ந்தது, அறுவடைக்கு நேரமாயிற்று என்று பொருள். அன்றைய இரவுப்பணியில் அந்த அமைதியை நான் கவனிக்கவில்லை. விடியற்காலையில், மோர்போலக் கலங்கியிருந்த திரவம் தெளியத் தொடங்கியிருந்தது. பட்டினி கிடந்த கிருமி தன் செல்சுவரைத் தன் நொதியாலேயே கரைத்துக்கொண்டிருந்தது. அறுவடையின்போது டிஆக்ஸிகோலேட் என்னும் பித்த உப்பைச் சேர்த்து நாங்கள் தூண்டுவதும் அதே நொதியைத்தான். ஆனால் அது நாங்கள் குறித்த வேளையில் நடப்பது. அன்று செல்சுவர்ச் சர்க்கரை, புரதம், டிஎன்ஏ எல்லாம் உறையோடு கட்டுப்பாடின்றிக் கலந்துவிட்டன. பேட்ச் முழுவதையும் கைவிட்டோம். இன்றும் பம்பின் ஓசையைக் காதில் வாங்கிக்கொண்டேதான் வேலை செய்கிறேன்.

14 ஜூன், சனி
பாசி காய்ந்து சாக்கில் ஏறியது. மாலையில், பணிக்குப் புதிதாக வந்த பெண் அழைத்து, நியூமோகாக்கஸின் 14-ஆம் வகையில், மின்னூட்டமுள்ள சர்க்கரையைப் பிடித்துப் படியவைக்கும் சிடிஏபி என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தும் உறைச் சர்க்கரை படியவில்லை என்று கலங்கினார். அவ்வகையின் உறைக்கு மின்னூட்டம் இல்லை. அடியில் படிவது வேண்டாத அழுக்கே. படிவை விலக்கிவிட்டுத் தெளிநீரை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.