பட்டன் போனுக்கு வராத செய்தி

"எத்தனை மணிக்கு அண்ணே திறப்பீர்கள்?" குடத்தோடு நின்ற அக்கா கேட்டார்.

"எனக்கே யாரும் சொல்லவில்லையே, தாயி" என்றார் வால்வு திறக்கும் பெரியவர்.

ஊத்துக்கோட்டை, இன்று காலை. மோட்டார் பழுது, நேரம் மாற்றம் என்று நேற்றே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்களாம். பெரியவரிடம் இருப்பது பட்டன் போன்!

சட்டைப்பையில் மடங்கிய நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். தெருவாரியாகத் திறந்த நேரம், மூடிய நேரம். ஓரத்தில் பென்சிலால்: 'மேட்டுத்தெரு கடைசி வீடு, 20 நிமிடம் கூடுதல்.' இந்தக் கணக்கு எந்தக் கணினியிலும் ஏறியிருக்காது.

இத்தனைக்கும், கண்டலேறு அணைத் தண்ணீர் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. இரு மாநிலங்களின் 1983 ஒப்பந்தப்படி சென்னைக்கு ஆண்டுக்கு 12 டிஎம்சி: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. வினாடிக்கு எத்தனை கனஅடி வருகிறது என்பது பூண்டி ஏரியைத் தாண்டிச் செய்தித்தாள் வரை போய்விடுகிறது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடுகிற தகவல், ஒரே அலுவலகத்தின் மாடியிலிருந்து வால்வடிக்கு இறங்க மாட்டேன் என்கிறது.

நேரத்தை மாற்றும் முன் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? மேட்டுத்தெருவுக்கு எப்போது தண்ணீர் ஏறும் என்பது அவருக்குத்தான் தெரியும். வசவு வாங்குவதும் அவர்தான்.