ஆயுள் பதவியும் 65 வயதும்

நேற்றுப் பின்னேரம் கொழும்பு புதுக்கடையில் மழைக்கு ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு மூத்த சட்டத்தரணி. கறுப்புக் கோட்டை நனையாமல் ஷொப்பிங் பையில் மடித்து வைத்திருந்தார். பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எங்கட நீதியரசர்மாருக்கும் அமெரிக்கா மாதிரி ஆயுள் பதவி குடுக்கோணும். ஓய்வுக்குப் பிறகு என்ன பதவி கிடைக்கும் எண்டு யோசிக்கிறவர் அரசாங்கத்துக்கு எதிரா எழுதுவாரோ?"

நியாயமான பயம்தான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே உச்ச நீதிமன்ற நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் 2020 செப்டெம்பரில் 87 வயதில் இறந்தார். அடுத்த மாதமே, தேர்தலுக்கு எட்டு நாள் இருக்க, அவருடைய இடத்துக்கு 48 வயது ஏமி கோனி பரெட்டை செனற் உறுதிசெய்தது. ஒருவர் எப்போது கண்மூடுகிறார் என்பதா நாட்டின் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது?

இங்கே இலங்கை உச்ச நீதிமன்றத்தில் 65 வயதில் ஓய்வு. 2018 டிசெம்பரில், ஜனாதிபதி செய்த நாடாளுமன்றக் கலைப்பு செல்லாது என்று வழக்கை விசாரித்த ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னார்கள். ஒருவருக்கும் ஆயுள் பதவி இல்லை. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைக் குற்றப்பிரேரணை மூலம் பதவியிலிருந்து அனுப்பியபோது அவருக்கு வயது 54. ஆயுள் பதவி என்று எழுதியிருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா?

ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 12 வருடம், மறுநியமனம் கிடையாது. அதோடு ஓய்வுக்குப் பிறகு அரச பதவியே இல்லை என்றும் சேர்த்தால் சரி என்றேன்.

சிரித்தார். "அதுக்கு அரசியல் யாப்பைத் திருத்தோணும். நாடாளுமன்றத்தில மூண்டில ரெண்டு வேணும், தம்பி."

தேநீர்க் காசை அவரே கொடுத்தார்.